மாத்திரை அட்டையை ஒளிக்காதீர்கள்

சில வாரங்களாக வரும் கடிதங்களில் ஒரு மருந்தின் பெயர் அடிக்கடி தலைகாட்டுகிறது: எஸ்சிடலோபிராம். மனச்சோர்வுக்கும் தீராத பதற்றத்துக்கும் நம் ஊர் மருத்துவர்கள் அதிகம் எழுதும் மாத்திரைகளில் ஒன்று. 'பெயர் போட்டுவிடாதீர்கள்' என்று கிட்டத்தட்ட எல்லோருமே அடிக்கோடிட்டுக் கேட்டிருக்கிறார்கள். போடவில்லை. ஆனால் அந்த வேண்டுகோளைப் பற்றியே ஒரு பதிலில் பேச வேண்டியிருக்கிறது.

● மாத்திரை ஆரம்பித்து நான்கு நாள் ஆகிறது. மனசு அப்படியேதான் இருக்கிறது, வயிறுதான் கெட்டுப்போச்சு. எந்நேரமும் குமட்டல். மனசுக்குக் கொடுத்த மாத்திரைக்கு வயிற்றில் என்ன வேலை?
– பள்ளி ஆசிரியை, தேனி

வயிற்றில்தான் அதற்கு வேலை அதிகம். இந்த மாத்திரை கைவைப்பது செரட்டோனின் என்ற வேதிப்பொருளில். உடம்பிலுள்ள செரட்டோனினில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு குடலில் இருக்கிறது. 1930-களில் இத்தாலிய விஞ்ஞானி விட்டோரியோ எர்ஸ்பாமர் இதை முதலில் கண்டெடுத்ததும் மூளையில் அல்ல, செரிமானப் பாதையின் சுவரில். மூளைக்கு என்று விழுங்கினாலும் மருந்து ரத்தத்தோடு உடம்பெங்கும் போகிறது. முதலில் முனகுவது குடல்.

குமட்டல், வயிறு இளகுவது, தலைவலி, வியர்வை, காரணமே இல்லாத கொட்டாவி எல்லாம் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் அடங்கிவிடும். சாப்பிட்ட பிறகு போடுங்கள். தாங்க முடியவில்லை என்றால் 5 மில்லிகிராமில் தொடங்கி மெல்ல ஏற்றலாமா என்று கேளுங்கள். இந்த மருந்தின் பெரிய சங்கடமே இதுதான்: தொல்லை முதல் நாளே வந்துவிடும், பலன் வர இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், முழுப் பலனுக்கு அதற்கும் மேல். அந்த இடைவெளியில்தான் பலர் அட்டையைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். நான்காம் நாளே நீங்கள் எனக்கு எழுதியது நல்லது. எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் இதையே சொல்லிவிட்டால் இன்னும் நல்லது.

● காலையில் போடவா, இரவில் போடவா?
– கோவில்பட்டி

தூக்கம் சொக்கினால் இரவில், தூக்கம் ஓடிப்போனால் காலையில். எதுவானாலும் தினமும் அதே நேரம். ஒரு வேளை மறந்துவிட்டால் மறுநாள் இரண்டாகச் சேர்த்துப் போடாதீர்கள்.

● பத்தியம் உண்டா? கருவாடு, கத்திரிக்காய் தள்ள வேண்டுமா?
– ராமநாதபுரம்

வேண்டாம். இரண்டையும் சேர்த்தே குழம்பு வையுங்கள்.

ஆனால் இதே கேள்வியை 60 வருடம் முன்பு கேட்டிருந்தால் கருவாட்டை நானே தடுத்திருப்பேன். அப்போது புழக்கத்தில் இருந்தவை எம்.ஏ.ஓ. தடுப்பான்கள் என்ற முதல் தலைமுறை மாத்திரைகள். அவற்றைச் சாப்பிட்ட சிலருக்குத் திடீரென்று மண்டை பிளக்கும் வலி வரும், ரத்த அழுத்தம் எகிறும், சிலருக்கு மூளையில் ரத்தக்கசிவே ஏற்படும். காரணம் பிடிபடவில்லை. லண்டனில் இளம் மருத்துவராக இருந்த பாரி பிளாக்வெல் இதைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, நாட்டிங்காம் நகரத்து மருந்தாளுநர் ஒருவர் அவருக்குக் கடிதம் போட்டார்: தன் மனைவிக்கு இந்த வலி வருவது சீஸ் சாப்பிடும்போது என்று. பிளாக்வெல் அதைப் பின்தொடர்ந்து போனார். 1963-ல் 'லான்செட்' இதழில் விஷயம் வெளியானது. நாள்பட்டுப் பதப்பட்ட சீஸ், உலர்ந்த மீன், புளிக்கவைத்த பண்டங்களில் இருக்கும் டைரமைன்தான் குற்றவாளி. பெரிய ஆய்வகம் எதுவும் கண்டுபிடிக்காததை, மனைவியின் சாப்பாட்டுத் தட்டைக் கவனித்த ஒரு கணவர் கண்டுபிடித்தார்.

எஸ்சிடலோபிராம் அந்தக் குடும்பத்து மருந்து இல்லை. உங்கள் சாப்பாட்டோடு அதற்குச் சண்டை கிடையாது. சண்டை மற்ற மாத்திரைகளோடுதான்.

● அம்மாவுக்கு 71 வயது. அப்பா போனதிலிருந்து எழுந்திருக்கவே மனசில்லாமல் கிடந்தார். எஸ்சிடலோபிராம் 10 கொடுத்தார்கள். மூன்றாவது வாரம் பேச்சு தடுமாறுகிறது, என்னைத் தங்கச்சி பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார், நடக்கையில் தள்ளாட்டம். 'மூளை மாத்திரை மூளையைக் கெடுத்துடுச்சு' என்கிறார்கள் சொந்தக்காரர்கள். பிரஷர் மாத்திரையும் சாப்பிடுகிறார்.
– மன்னார்குடி

உங்கள் கடிதம் வந்த அன்றே போனில் சொன்னதை மற்ற வீடுகளுக்காக இங்கே எழுதுகிறேன். இப்படி ஒரு மாற்றம் தெரிந்தால் அன்றைக்கே ரத்தத்தில் சோடியம் பார்க்க வேண்டும்.

சோடியம் 135-லிருந்து 145-க்குள் இருப்பது இயல்பு. இந்த வகை மாத்திரைகள் சிலருக்கு, குறிப்பாக வயதான பெண்களுக்கு, ஒரு ஹார்மோனைக் கூட்டிவிடுகின்றன. சிறுநீரகம் அந்த ஹார்மோனின் பேச்சைக் கேட்டுத் தண்ணீரை வெளியே விடாமல் பிடித்துவைக்கும். ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகும். முதலில் சோர்வு, பசியின்மை, பிறகு குழப்பம், தள்ளாட்டம், விழுவது. இன்னும் இறங்கினால் வலிப்பு, நினைவிழப்பு. பெரும்பாலும் முதல் சில வாரங்களில் வரும்.

உங்கள் அம்மாவின் பிரஷர் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். ஹைட்ரோகுளோரோதயசைடு அல்லது குளோர்தாலிடோன் என்று பொடி எழுத்தில் இருக்கலாம். பிரஷர் மருந்தோடு ஹைட்ரோகுளோரோதயசைடு சேர்ந்த கூட்டு மாத்திரைகளில் பெயரின் வாலில் 'எச்' என்று ஒட்டியிருப்பது வழக்கம். இவை சிறுநீர் வழியாக உப்பை வெளியேற்றும் மருந்துகள். ஒரு மாத்திரை தண்ணீரைத் தேக்குகிறது, இன்னொன்று உப்பைக் கழிக்கிறது. அதற்கு மேல் 'பிரஷர் இருக்கே' என்று உப்பில்லாக் கஞ்சி, 'வெயில் காலம், நிறையத் தண்ணி குடிங்க' என்று பாசத்தோடு ஒரு செம்பு. அந்த வீட்டில் யாரும் தப்பு செய்யவில்லை, ஆனால் நான்கு நல்ல காரியங்களும் சேர்ந்து அந்த அம்மாவைக் கீழே தள்ளிவிடுகின்றன.

சொந்தக்காரர்கள் சொல்வதில் பாதி உண்மை. மாத்திரையால்தான் வந்தது. ஆனால் மூளை கெட்டுப்போகவில்லை, சோடியம் சரியானால் குழப்பமும் விலகும். வீட்டில் உப்புக் கரைசலைக் கொடுத்துச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். சோடியம் வேகமாக ஏறினாலும் மூளைக்குக் கேடு, அதனால் ஆஸ்பத்திரியில் நிதானமாகத்தான் ஏற்றுவார்கள். மன மருந்தை மாற்றுவதா, பிரஷர் மருந்தை மாற்றுவதா என்பதை இரு மருத்துவர்களும் பேசி முடிவெடுக்கட்டும். உங்கள் வீட்டுப் பெரியவருக்கு இந்த மாத்திரையைத் தொடங்குகிறார்கள் என்றால் தொடங்கும் முன்பு ஒரு தடவை, இரண்டு வாரம் கழித்து ஒரு தடவை சோடியம் பார்த்துவிடலாமா என்று நீங்களே கேளுங்கள். சாதாரண ரத்தப் பரிசோதனைதான். 65 வயதுக்கு மேல் இந்த மருந்து பொதுவாக 10 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

● கேஸ் மாத்திரை கூடவா ஒத்துக்காது? அது சும்மா கேஸ் மாத்திரைதானே?
– ஈரோடு

சும்மா மாத்திரை என்று ஒன்று கிடையாது. ஒமிப்ரசோலும் எசோமிப்ரசோலும், எஸ்சிடலோபிராமைக் கரைத்து வெளியேற்றும் கல்லீரல் நொதியைத் தடுக்கின்றன. ஒமிப்ரசோலோடு சேரும்போது ரத்தத்தில் இந்த மருந்தின் அளவு சுமார் 50 சதவீதம் கூடுகிறது. நீங்கள் விழுங்குவது 10, உடம்பு உணர்வது கிட்டத்தட்ட 15. பான்டோப்ரசோலுக்கு இந்தச் சேட்டை குறைவு.

அதைவிடக் கவனிக்க வேண்டியது 'டி' என்ற எழுத்தைப் பெயரில் சேர்த்துக்கொண்ட கேஸ் மாத்திரைகள். அந்த 'டி' பெரும்பாலும் டோம்பெரிடோன். எஸ்சிடலோபிராமும் டோம்பெரிடோனும் தனித்தனியாகவே இதயத் துடிப்பின் மின் இடைவெளியைச் சற்று நீட்டக்கூடியவை. சேர்ந்தால் அது கூடும். வாந்திக்குக் கொடுக்கும் ஒண்டான்செட்ரான், தொண்டைத் தொற்றுக்கு மூன்று நாள் எழுதும் அசித்ரோமைசின் இரண்டுக்கும் இதே குணம் உண்டு. இளவயதில் நல்ல இதயம் உள்ளவருக்கு ஆபத்து மிகக் குறைவு. இதய நோய் இருப்பவர், பொட்டாசியம் குறைந்தவர், வயதானவர் என்றால் ஒரு ஈ.சி.ஜி. எடுத்துப் பார்ப்பது அவசியம். மெடிக்கலில் 'ஒரு கேஸ் மாத்திரை கொடுங்க' என்று கேட்கும்போது அங்கேயே உங்கள் மற்ற மாத்திரையின் பெயரையும் சொல்லுங்கள்.

● முழங்கால் வலிக்கு எலும்பு டாக்டரிடம் போகிறேன். மன அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பதை அவரிடம் சொல்லவில்லை. அவர் எங்கள் மாமியார் வீட்டுக்குப் பழக்கமானவர். சொல்லித்தான் ஆக வேண்டுமா?
– மதுரை

சொல்லித்தான் ஆக வேண்டும், சகோதரி. ஏன் என்று முழுதாகச் சொல்கிறேன்.

மூட்டு வலிக்கு அவர் எழுதுவது பெரும்பாலும் டைக்ளோஃபெனாக் அல்லது அசெக்ளோஃபெனாக்காக இருக்கும். ரத்தத் தட்டணுக்கள் தங்களுக்கு வேண்டிய செரட்டோனினைத் தாமே தயாரிப்பதில்லை, ரத்தத்திலிருந்து எடுத்துக்கொள்கின்றன. அந்த வாசலை உங்கள் மன மாத்திரை மூடிவிடுகிறது. தட்டணுக்கள் ஒட்டும் வேகம் குறைகிறது. அதே நேரத்தில் வலி மாத்திரை இரைப்பையின் உள்தோலைப் புண்ணாக்குகிறது. இரண்டும் சேர்ந்தால் இரைப்பையில் ரத்தக்கசிவு வரும் வாய்ப்பு, ஒன்றை மட்டும் எடுப்பதைவிட நன்றாகவே கூடுகிறது. மலம் தார் நிறத்தில் கறுத்துப் போனால் நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், வார்ஃபரின் எடுக்கும் இதய நோயாளிகளுக்கும் இது பொருந்தும். வலிக்குப் பாரசிட்டமால் போதுமா என்று முதலில் பாருங்கள்.

வலி அடங்கவில்லை என்றால் அடுத்து அவர் கை போவது டிரமடால் பக்கம். பாரசிட்டமாலோடு சேர்ந்த கூட்டு மாத்திரையாகவும் வரும். டிரமடாலும் செரட்டோனினைக் கூட்டுகிற மருந்துதான். இரண்டும் சேர்ந்து அளவு மீறினால் கை கால் நடுக்கம், கொட்டும் வியர்வை, வயிற்றுப்போக்கு, நிலைகொள்ளாமை, தசைகள் வெட்டி வெட்டி இழுப்பது, காய்ச்சல் என்று அடுத்தடுத்து வரும். செரட்டோனின் நச்சு நிலை என்பது இதுதான். பெரும்பாலும் புது மருந்து சேர்ந்தோ அளவு கூடியோ 24 மணி நேரத்துக்குள் தலைகாட்டும். லேசானது தானே தணியும். கடுமையானது உயிரை எடுக்கும்.

1984-ல் நியூயார்க்கில் லிபி சயான் என்ற 18 வயதுப் பெண் காய்ச்சலும் நடுக்கமுமாக ஆஸ்பத்திரிக்கு வந்தார். ஃபெனல்சின் என்ற எம்.ஏ.ஓ. வகை மாத்திரை எடுத்துவந்தவர். நடுக்கத்தை அடக்க அவருக்குப் பெதிடின் ஊசி போட்டார்கள். அந்த இரண்டும் ஒரு உடம்பில் சேரவே கூடாதவை. சில மணி நேரத்தில் காய்ச்சல் தலைக்கேறி இறந்துபோனார். ஓய்வில்லாமல் வேலை பார்த்த இளம் மருத்துவர்களின் கையில் நடந்தது என்பதால் அமெரிக்காவே அதைப் பேசியது. 1989-ல் நியூயார்க் மாநிலம் பயிற்சி மருத்துவர்களின் வேலையை வாரத்துக்கு 80 மணி நேரமாகக் கட்டுப்படுத்தியது அந்த ஒரு சாவினால்தான். உங்கள் மாத்திரை ஃபெனல்சின் அளவுக்கு முரட்டு மருந்து இல்லை, பயந்துவிடாதீர்கள். ஆனால் மருந்துகளின் பெயரைக் கையில் வைத்திருந்த மருத்துவர்களுக்கே அந்த ஜோடி கண்ணில் படாமல் போகுமென்றால், பெயரே தெரியாத மருத்துவர் எதைப் பார்த்து ஜாக்கிரதையாக இருப்பார்?

மாமியாருக்குத் தெரிந்துவிடும் என்ற பயம் எனக்குப் புரிகிறது. நம் வீடுகளில் சுகர் மாத்திரையைச் சாப்பாட்டு மேசையில் வைக்கலாம், மன மாத்திரையைப் புடவை மடிப்பில்தான் வைக்க வேண்டியிருக்கிறது. அந்த அநியாயத்தை நீங்கள் ஒருவர் ஒரே நாளில் மாற்ற முடியாது. ஆனால் 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், உங்கள் மன சிகிச்சை விவரம் ரகசியமாகக் காக்கப்படுவதை உங்கள் உரிமை ஆக்கியிருக்கிறது. உங்கள் மாமியார் குடும்பம் எவ்வளவு பழக்கமானாலும் மருத்துவர் வாய் திறக்கக் கூடாது. அடுத்த முறை போகும்போது துணைக்கு வந்தவரை வெளியே உட்காரச் சொல்லுங்கள், அட்டையை மேசையில் வையுங்கள், 'இது நமக்குள்ளே இருக்கட்டும் டாக்டர்' என்று சொல்லுங்கள். வாய் வராவிட்டால் ஒரு துண்டுச் சீட்டில் மருந்தின் பெயரை எழுதி நீட்டினால் போதும். அவர் மேல் நம்பிக்கையே வரவில்லை என்றால் வேறு எலும்பு மருத்துவரைப் பாருங்கள். மாத்திரையை மறைப்பதைவிட டாக்டரை மாற்றுவது பாதுகாப்பு.

● எடை போடுமா?
– கரூர்

எஸ்சிடலோபிராமில் கொஞ்சம் கூடலாம், பலருக்குக் கூடுவதே இல்லை. மிர்டாசபின், பராக்ஸெடின் இரண்டிலும் அதிகம். சோர்வில் செத்துப்போன பசி திரும்பி வந்து நாலு கிலோ ஏறினால் அதை மாத்திரையின் தலையில் கட்டாதீர்கள்.

● கல்யாணமாகி எட்டு மாதம். மாத்திரை தொடங்கியதிலிருந்து படுக்கையறையில் எதுவும் நடப்பதில்லை. ஆசையே வருவதில்லை, வந்தாலும் முடிவதில்லை. மனைவி தன்னைப் பிடிக்கவில்லை என்று நினைக்கிறாள். டாக்டரிடம் கேட்கக் கூச்சம்.
– திருப்பூர்

மனைவியிடம் இன்றைக்கே சொல்லுங்கள்: இது மாத்திரை செய்யும் வேலை, உன்னால் அல்ல என்று. அந்தப் பெண் எட்டு மாதமாகத் தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஆசை குறைவது, உச்சம் தாமதமாவது, வராமலே போவது, இவை இந்த வகை மருந்துகளில் மிகச் சாதாரணமாக வருபவை. பெண்களுக்கும் உண்டு, அவர்கள் ஆண்களைவிடக் குறைவாகச் சொல்கிறார்கள். மருத்துவர் கேட்காவிட்டால் நோயாளி சொல்வதில்லை, நோயாளி சொல்லாவிட்டால் மருத்துவர் கேட்பதில்லை. கேட்காதது மருத்துவரின் குறை என்றே நான் நினைக்கிறேன். வழிகள் பல இருக்கின்றன: சிலருக்குச் சில வாரங்களில் தானே சரியாகும். அளவைக் குறைத்துப் பார்க்கலாம். பியூப்ரோபியான், மிர்டாசபின் போன்ற இந்தத் தொல்லை குறைந்த மருந்துக்கு மாறலாம். மெடிக்கலில் நீல மாத்திரை வாங்கி நீங்களே வைத்தியம் பார்க்காதீர்கள். கூச்சத்தில் மன மாத்திரையைச் சட்டென்று நிறுத்தவும் செய்யாதீர்கள். மருந்தை நிறுத்திய பிறகும் இந்தக் குறை நீடிப்பது சிலருக்கு நடக்கிறது. அதை மருந்துத் தாளிலேயே குறிப்பிட வேண்டும் என்று ஐரோப்பிய மருந்து முகமை 2019-ல் பரிந்துரைத்தது. அது அரிது, ஆனால் மறைக்கத் தக்கதல்ல.

● ஒரு வருடமாகச் சாப்பிடுகிறேன். ஒரு நாள் விட்டாலும் தூக்கம் போகிறது, கை உதறுகிறது. அடிமையாகிவிட்டேனா?
– வேலூர்

அனுப்பிய அட்டைப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உங்கள் மாத்திரையில் இரண்டு மருந்து இருக்கிறது: எஸ்சிடலோபிராம் 10, குளோனாசிபாம் 0.5. நம் நாட்டில் இந்த இரண்டையும் ஒரே மாத்திரையாகச் சேர்த்துப் பல கம்பெனிகள் விற்கின்றன. பெயரோடு 'பிளஸ்' என்று இருந்தால் சந்தேகப்படுங்கள். எஸ்சிடலோபிராம் போதையோ, மேலும் மேலும் வேண்டும் என்ற ஏக்கமோ தருவதில்லை. குளோனாசிபாம் வேறு ஜாதி. மாதக்கணக்கில் எடுத்தால் உடம்பு அதற்குப் பழகிவிடும், விட்டால் தவிக்கும். எஸ்சிடலோபிராம் பலன் தரத் தொடங்கும்வரை, முதல் சில வாரங்களுக்குத் துணையாகக் கொடுப்பதில் நியாயம் இருக்கிறது. ஒரு வருடத்துக்கு நியாயம் சொல்வது கடினம். இரண்டும் ஒரே மாத்திரையில் பூட்டிக்கிடப்பதால் ஒன்றைக் குறைக்காமல் இன்னொன்றைக் குறைக்க முடிவதில்லை. இந்தக் கூட்டு எனக்குப் பிடிக்காததற்குக் காரணம் அதுதான். தனித்தனி மாத்திரையாக மாற்றித் தரச் சொல்லுங்கள், குளோனாசிபாமை மட்டும் மெதுவாக இறக்குவார்கள். நீங்களே திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம்.

● நன்றாகிவிட்டேன். நிறுத்திவிடலாமா? போன வாரம் நிறுத்திப் பார்த்தேன், தலைக்குள் கரண்ட் அடிப்பது போல் சுருக் சுருக் என்றது. பயந்து மறுபடியும் போட்டுவிட்டேன்.
– நாகர்கோவில்

அந்தச் சுருக்குக் குத்தல் உலகமெங்கும் உள்ளவர்கள் சொல்வது. கூடவே தலைசுற்றல், எரிச்சல், கலர் கலராகக் கனவு, காரணமில்லாத அழுகை. எஸ்சிடலோபிராமில் பாதி உடம்பைவிட்டுப் போக ஏறக்குறைய 30 மணி நேரம் ஆகும், அதனால் இரண்டு மூன்று நாளில் தவிப்பு தொடங்கிவிடும். ஃபுளுவாக்ஸெடினின் எச்சம் உடம்பில் வாரக்கணக்கில் தங்குவதால் அதை விடுவது பலருக்கு இலகு.

நிறுத்துவது மாடியிலிருந்து இறங்குவது மாதிரி: குதித்தும் இறங்கலாம், படிப்படியாகவும் இறங்கலாம். நன்றான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர்வது வழக்கம், சீக்கிரம் விட்டால் சோர்வு திரும்பும் வாய்ப்பு கூடுகிறது. அதன்பின் 10-லிருந்து 5, அங்கே சில வாரம், பிறகு இன்னும் குறைவு. சிலருக்கு ஒரு மாதத்தில் முடியும், நீண்ட நாள் எடுத்த சிலருக்குப் பல மாதம் பிடிக்கும். விட்ட ஒரு சில நாளில், முன்பு இல்லாத தலைசுற்றலும் குத்தலுமாக வந்தால் அது மருந்து விட்ட தவிப்பு. சில வாரம் கழித்து மெல்ல மெல்லப் பழைய இருட்டு வந்தால் அது நோய். இந்த வேறுபாட்டைக் குறித்து வைத்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள்.

● மகனுக்கு 17 வயது, பிளஸ் டூ. மாத்திரை எழுதியிருக்கிறார்கள். 'தற்கொலை எண்ணத்தைத் தூண்டும்' என்று மருந்துத் தாளிலேயே போட்டிருக்கிறதே! கொடுக்கவே பயமாக இருக்கிறது.
– சேலம்

பயப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் எதற்குப் பயப்படுவது என்பதைச் சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள். 2004-ல் அமெரிக்க மருந்து நிர்வாகம் 24 ஆய்வுகளை, 4,400-க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் விவரங்களை அலசியது. தற்கொலை எண்ணமோ முயற்சியோ மருந்து எடுத்தவர்களில் 4 சதவீதம், வெறும் மாவு மாத்திரை எடுத்தவர்களில் 2 சதவீதம். அந்த ஆய்வுகளில் ஒரு பிள்ளையும் தற்கொலையில் இறக்கவில்லை. அதன்பிறகுதான் கறுப்புக் கட்டத்துக்குள் அந்த எச்சரிக்கை வந்தது, 2007-ல் 24 வயது வரையுள்ள இளைஞர்களுக்கும் அதை நீட்டித்தார்கள். தராசின் மறுதட்டில் இருப்பது சிகிச்சை இல்லாத மனச்சோர்வு. தற்கொலைக்குக் கொண்டுபோகும் பெரிய காரணங்களில் அதுவே ஒன்று.

ஆகவே மருந்தைக் கொடுங்கள், பிள்ளையைத் தனியே விடாதீர்கள். முதல் சில வாரமும், அளவு மாறும் ஒவ்வொரு முறையும் கூர்ந்து பாருங்கள். உட்கார முடியாமல் அலைவது, இரவெல்லாம் விழித்திருப்பது, திடீர் ஆவேசம், அல்லது தூக்கமே இல்லாமல் அளவுக்கு மீறிய உற்சாகம், இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே மருத்துவருக்குச் சொல்லுங்கள். கடைசியாகச் சொன்ன உற்சாகம் இருமுனை மனநோயின் அடையாளமாக இருக்கலாம், அதற்கு மருந்தே வேறு. அட்டை உங்கள் அலமாரியில், உங்கள் சாவியில் இருக்கட்டும். 'சாகணும்னு தோணுதாப்பா?' என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. 14416 டெலி மனாஸ் எண்ணில் நடு இரவிலும் தமிழில் பேசலாம், 104-லும் பேசலாம். மார்க்கைப் பற்றிய பேச்சை மருந்து பிடிக்கும்வரை ஒத்திவையுங்கள்.

● செரட்டோனின் குறைவால்தான் மனச்சோர்வு என்பதே பொய் என்கிறார்களே? பிறகு இந்த மாத்திரை எதற்கு?
– கல்லூரி மாணவர், கோவை

'குறைந்ததை நிரப்புகிறோம்' என்ற விளக்கம் மிகவும் எளிமைப்படுத்தப்பட்டது. 2022-ல் லண்டனின் ஜோனா மான்கிரீஃப் குழு பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்று எழுதியது. நோய் ஏன் வருகிறது என்பது ஒரு கேள்வி, மருந்து உதவுகிறதா என்பது வேறு கேள்வி. இரண்டாவதற்கு 2018-ல் ஆக்ஸ்ஃபோர்டின் ஆண்ட்ரியா சிப்ரியானி குழு 522 ஆய்வுகளை, 1,16,477 பேரின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தது. 21 மருந்துகளும் மாவு மாத்திரையைவிட மேலானவையாக இருந்தன. வித்தியாசம் மிதமானதுதான், மாயம் இல்லை. லேசான சோர்வுக்குப் பேச்சு சிகிச்சையும் நடையும் போதும். எழுந்து பல் தேய்க்கவே முடியாதவருக்கு அந்த மிதமான வித்தியாசம் பெரிய வித்தியாசம்.

● எனக்கு மருந்துக்கு அடங்காத டி.பி. என்று சொல்லி லினசோலிட் சேர்த்திருக்கிறார்கள். ஏற்கெனவே எஸ்சிடலோபிராம் எடுக்கிறேன். டி.பி. ஆபீஸில் இதைச் சொல்லவில்லை.
– திருவள்ளூர்

இன்றைக்கே சொல்லுங்கள். லினசோலிட் ஒரு நுண்ணுயிர்க் கொல்லி, ஆனால் எம்.ஏ.ஓ. நொதியையும் லேசாகத் தடுக்கிறது. மேலே கருவாட்டுப் பதிலில் வந்த அதே குடும்ப குணம். செரட்டோனினைக் கூட்டும் மாத்திரைகளோடு இதைச் சேர்ப்பது பற்றி அமெரிக்க மருந்து நிர்வாகம் 2011-ல் எச்சரித்தது. அப்போது பயந்த அளவுக்கு அடிக்கடி ஆபத்து வருவதில்லை என்று பின்வந்த ஆய்வுகள் காட்டின. ஆனாலும் கண்காணிப்பில்லாமல் சேரக் கூடாது. இதே சிகிச்சையில் வரும் பெடாகுயிலின், மாக்ஸிஃபிளாக்சசின் இரண்டும் இதயத்தின் மின் இடைவெளியை நீட்டுபவை, எஸ்சிடலோபிராமும் அதையே செய்யும். ஆக ஈ.சி.ஜி.யும் வேண்டும். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். டி.பி. மருந்தை விட்டால் நுரையீரலுக்கு ஆபத்து, மன மருந்தைச் சட்டென்று விட்டால் மனசுக்கு ஆபத்து.

மனச்சோர்வு மருந்துகளின் கதையே டி.பி. வார்டில்தான் தொடங்கியது. 1952-ல் நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில், சீ வியூ ஆஸ்பத்திரியில், இப்ரோனியாசிட் என்ற புது டி.பி. மருந்து கொடுக்கப்பட்டவர்கள் படுக்கையிலிருந்து எழுந்து சிரித்தார்கள், பசியோடு சாப்பிட்டார்கள். அதைக் கவனித்த பிறகுதான் மனச்சோர்வுக்கும் மாத்திரை உண்டு என்ற எண்ணமே பிறந்தது. கல்லீரலைக் கெடுத்ததால் பின்னாளில் அதைக் கைவிட்டார்கள். நுரையீரல் டாக்டரும் மனநல டாக்டரும் ஒருவரோடு ஒருவர் பேச வேண்டிய தேவை அன்றிலிருந்தே இருக்கிறது.

● கர்ப்பமாக இருக்கிறேன் என்று நேற்றுத் தெரிந்தது. மாத்திரையை நேற்றே நிறுத்திவிட்டேன். சரிதானே?
– தஞ்சாவூர்

வாழ்த்துகள். நிறுத்தியது மட்டும் சரியில்லை. கடுமையான மனச்சோர்வோடு கர்ப்பத்தைக் கடப்பதும் தாய்க்கும் குழந்தைக்கும் கெடுதல்தான். இந்த வகை மருந்துகளில் கர்ப்பத்திலும் தாய்ப்பால் கொடுக்கும்போதும் அதிகம் விரும்பப்படுவது செர்ட்ராலின். நன்றாகக் கேட்டுக்கொண்டிருக்கும் மருந்தையே தொடர்வதும் உண்டு. பிறந்த குழந்தைக்கு ஓரிரு நாள் நடுக்கமோ சிணுங்கலோ இருக்கலாம், அதனால் பிரசவம் பார்ப்பவருக்கும் மருந்தின் பெயர் தெரிந்திருக்க வேண்டும். இன்றைக்கே உங்கள் மனநல மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

● அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய்க்காக டமாக்ஸிஃபென் தருகிறார்கள். அவள் எடுக்கும் மன மாத்திரை ஃபுளுவாக்ஸெடின். பரவாயில்லையா?
– புதுச்சேரி

மாற்றக் கேளுங்கள். டமாக்ஸிஃபென் கல்லீரலில் இன்னொரு வடிவத்துக்கு மாறித்தான் முழு வேலையைச் செய்கிறது. ஃபுளுவாக்ஸெடினும் பராக்ஸெடினும் அந்த மாற்றத்தைத் தடுப்பவை. எஸ்சிடலோபிராம், வென்லாஃபாக்சின் போன்றவை இந்த விஷயத்தில் மேல்.

● இருமல் சிரப்? பசி சிரப்? ஆன்லைனில் வாங்கும் 'மூட்' மாத்திரை?
– திண்டுக்கல்

வறட்டு இருமல் சிரப்பில் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் இருந்தால் வேண்டாம், அதுவும் செரட்டோனினைக் கூட்டும். எடை ஏறக் குடிக்கும் பசி சிரப்பில் சைப்ரோஹெப்டடின் இருந்தால், அது செரட்டோனினைத் தடுப்பதால் உங்கள் மாத்திரையின் பலனையே குறைத்துவிடக் கூடும். கடுமையான செரட்டோனின் நச்சுக்கு அந்தச் சைப்ரோஹெப்டடினையே மாற்று மருந்தாகக் கொடுப்பார்கள். ஆன்லைன் டப்பாவில் 5-எச்.டி.பி. அல்லது செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்று இருந்தால் திறக்காமலே திருப்பி அனுப்புங்கள்.

● சனிக்கிழமை மட்டும் குடிக்கலாமா?
– பெயரும் ஊரும் வேண்டாம் என்றவர்

குடி அடுத்த நாள் மனச்சோர்வைக் கூட்டும், தூக்கத்தைக் கெடுக்கும். உங்கள் மாத்திரையில் குளோனாசிபாமும் இருந்தால் மூச்சையே மந்தப்படுத்தும். வேண்டாம்.

● பக்கவிளைவு வந்தால் யாரிடம் புகார் செய்வது? கம்பெனிக்கா, டாக்டருக்கா?
– கடலூர்

முதலில் எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் சொல்லுங்கள். அதோடு நிற்காமல் இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்கும் தெரிவியுங்கள். 2010-லிருந்து நடக்கிறது, கட்டணமில்லா எண் 1800-180-3024. மருத்துவராக இருக்க வேண்டியதில்லை, நோயாளியே பேசலாம். மருந்தின் பெயர், அளவு, என்றைக்குத் தொடங்கினீர்கள், என்றைக்குத் தொல்லை வந்தது, கூட என்னென்ன மாத்திரை எடுத்தீர்கள் என்பதை எழுதிவைத்துக்கொண்டு கூப்பிடுங்கள். தீர்ந்துபோன அட்டையைக் குப்பையில் போடாமல் வைத்திருங்கள், பேட்ச் எண்ணைக் கேட்பார்கள்.